வந்தேறிகளை உள்ளே விட்டதால்தான் ரோம் அழிந்ததாமே?

கல்தச்சன்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு ஃபார்வர்டு. வந்தவனுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்ட ரோமாபுரியின் கதி என்ன ஆனது, சிந்திப்பீர் என்று போட்டு, கீழே ஊரே எரிகிற மாதிரி ஒரு படம். அனுப்பியவர் சித்தப்பா. அங்கேயே பதில் சொன்னால் அடுத்த கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார முடியாது, அதனால் இங்கே வந்து கொட்டுகிறேன்.

முழுப் பொய்யாக இருந்தால் விட்டுவிடலாம். பாதி உண்மை. கி.பி. 376இல் கோத் என்ற ஜெர்மானிய இன மக்கள் குடும்பம் குட்டியோடு டான்யூப் ஆற்றின் வடகரையில் வந்து நின்றார்கள். பின்னால் ஹூணர்கள், எதிர்க்கரையில் ரோம். உள்ளே விடுங்கள், அமைதியாக இருப்போம், வேண்டுமானால் படைக்கும் ஆள் தருகிறோம் என்று கேட்டார்கள். பேரரசர் வாலென்ஸ் சரி என்றார். மனம் இளகியெல்லாம் இல்லை. படைக்குச் சும்மா ஆள் கிடைக்கிறது, மாகாணங்களிடம் ஆளுக்குப் பதில் பொன்னாக வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு. மழையில் ஆறு பெருகி ஓடுகிறது; படகு, தெப்பம், குடைந்த மரம் என்று கிடைத்ததில் ஏறி இரவும் பகலுமாகக் கடந்தார்கள், நிறையப் பேர் மூழ்கிப் போனார்கள். தலை எண்ணப் பார்த்த அதிகாரிகள் முடியாமல் விட்டுவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். கரையேறியவர்களைக் கவனிக்கும் பொறுப்பு லூப்பிசினஸ், மாக்சிமஸ் என்ற இரண்டு தளபதிகளிடம் இருந்தது. பசி தலைக்கேறிய நேரம் பார்த்து, இவர்கள் சுற்றுவட்டாரத்தில் இருந்த நாய்களையெல்லாம் பிடித்துவரச் செய்தார்கள். ஒரு நாய்க்கு ஒரு அடிமை என்று விலை. பெற்றவர்கள் பிள்ளையைக் கொடுத்து நாயை வாங்கித் தின்றார்கள். தலைவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அப்படிப் போனார்கள். இதை எழுதிவைத்த அம்மியானஸ் மார்செல்லினஸ் ரோமப் படையில் வேலை பார்த்தவர், கோத்துகளை அவருக்குப் பிடிக்கவும் பிடிக்காது. அதற்கு மேல், கோத்துத் தலைவர்களை விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, வெளியே நின்ற அவர்களின் காவலர்களை வெட்டினார்கள். கலகம் வெடித்தது. 378 ஆகஸ்ட் 9இல், இன்றைய துருக்கியின் எடிர்னே பக்கம், ஹட்ரியானோபிள் போரில் வாலென்ஸின் படையில் மூன்றில் இரண்டு பங்கு காலி. அவருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை.

சித்தப்பாவின் ஃபார்வர்டில் நாய் வரவில்லை.

கருவேலமுள்

நாய்க்கதை உருக்கமாகத்தான் இருக்கிறது. கேள்வி அது இல்லையே. கரையிலேயே நிறுத்தியிருந்தால் நாயும் இல்லை, ஹட்ரியானோபிளும் இல்லை. அதிகாரி திருடுவான் என்பது ரோமுக்குத் தெரியாதா? தெரிந்தும் ஆயுதத்தோடு ஒரு பெருங்கூட்டத்தை உள்ளே விட்டார்கள். பத்துப் பேருக்கு உலை வைக்கத் தெரியாதவன் ஊரையே விருந்துக்குக் கூப்பிட்டால் யார் மேல் தப்பு?

கல்தச்சன்

அந்த வீட்டில் ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டுப் பழக்கம் இருந்தது, அதைத்தான் சொல்ல வந்தேன். நீரோ காலத்தில் டான்யூப் ஓரமாக இருந்த மோசியா மாகாணத்துக்கு ஆளுநராக இருந்த பிளாட்டியஸ் சில்வானஸ், அக்கரையில் இருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை மனைவி மக்களோடும் தலைவர்களோடும் இக்கரைக்குக் கொண்டுவந்து வரி கட்டவைத்தேன் என்று கல்லில் பெருமையாக வெட்டி வைத்திருக்கிறார். அதே ஆறு, முந்நூறு வருடம் முன்னால். ரோமுக்கு ஒன்றும் ஆகவில்லை. 376இல் ஆயுதத்தைப் பறிக்கத்தான் உத்தரவு. பறிக்க வேண்டியவர்கள் கைநீட்டி வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று பழைய எழுத்தாளர்களே சொல்கிறார்கள்.

ரோமுக்கு வெளியாள் மேல் அன்பு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் உள்ளே வர ஒரு வழி இருந்தது, அதில் நடந்தால் கடைசியில் என்ன கிடைக்கும் என்பது நடக்கிறவனுக்கு முன்கூட்டியே தெரியும். கெட்டுப்போனது அந்த வழிதான் என்கிறேன்.

வடகரை வாத்தியார்

கல்தச்சன் தம்பி சொல்வதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடு. ஆனால் இப்படிப் பேசினால் இன்னொரு கூட்டம் வந்து, ரோம் எல்லோரையும் அரவணைத்த சமத்துவபுரம் என்று ஆரம்பித்துவிடும். முப்பது வருடம் பாடம் நடத்தியவன் என்ற முறையில் அதற்கும் ஒரு முட்டுக்கட்டை போட்டுவிடுகிறேன்.

லத்தீனில் ஹாஸ்டிஸ் என்றால் பகைவன். அதே சொல்லுக்கு முன்னோர் காலத்தில் வெளியூர்க்காரன் என்றுதான் பொருள் என்று ரோமப் பேச்சாளர் சிசரோ எழுதுகிறார். அந்நியனுக்கு வைத்த பெயர் காலப்போக்கில் எதிரிக்குப் போய்விட்டது, அந்த ஊரின் மனசு தெரிகிறதல்லவா.

அதே ஊரில் கி.பி. 48இல் பேரரசர் கிளாடியஸ் செனட்டில் எழுந்து நிற்கிறார். கால் (இன்றைய பிரான்ஸ்) நாட்டுப் பெரிய மனிதர்களையும் செனட்டில் சேர்க்க வேண்டும் என்கிறார். செனட்டர்கள் முணுமுணுக்கிறார்கள்: நேற்று வரை நம்மோடு சண்டை போட்டவர்கள், இத்தாலியில் ஆளே இல்லையா? ஸ்பார்ட்டாவும் ஏதென்ஸும் அழிந்தது எதனால், தங்களிடம் தோற்றவர்களை அந்நியராகவே ஒதுக்கி வைத்ததால்தானே என்று கிளாடியஸ் திருப்பிக் கேட்டதாக வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். தன் சொந்த முன்னோரே சபைன் நாட்டிலிருந்து வந்தவர் என்பதையும் எடுத்துவிடுகிறார். இந்தப் பேச்சை வெண்கலத்தில் வெட்டி லியோனில் வைத்தார்கள், 1528இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. கிளாடியஸ் பிறந்ததும் அந்த லியோனில்தான்.

சரி, கைதட்டிவிட்டோம். அதே கிளாடியஸ் முன்னால் ஒரு நாள், சின்ன ஆசியாவின் லிசியா நாட்டுக்காரர் ஒருவர் வந்து நிற்கிறார், ரோமக் குடியுரிமை உள்ளவர். லத்தீனில் கேட்ட கேள்வி அவருக்குப் புரியவில்லை. எங்கள் மொழி தெரியாதவன் ரோமனாக இருக்க முடியாது என்று சொல்லி அங்கேயே குடியுரிமையைப் பிடுங்கிவிட்டார். குடியுரிமை இருப்பதாக ஏமாற்றியவர்களின் தலையை வெட்டவும் செய்தார். யூதர்களை ரோம் நகரை விட்டு விரட்டியவரும் அவரே. இத்தனைக்கும் அவருடைய அரண்மனையில் மனைவி மெசலினாவும் அவளைச் சேர்ந்தவர்களும் குடியுரிமையைக் கூவி விற்றார்கள்; முதலில் பெரிய தொகை, கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டு கொடுத்தால்கூடக் கிடைக்கும் என்று ஊரே சிரித்தது. பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், பவுலைச் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது, அவர் ரோமக் குடிமகன் என்று தெரிந்து பதறுகிற அந்தப் படைத்தலைவன், நான் இதை நிறையப் பணம் கொடுத்து வாங்கினேன் என்பான். அவன் பெயர் கிளாடியஸ் லீசியா. குடியுரிமை பெற்றவன் பேரரசரின் பெயரையும் சேர்த்துக்கொள்வது வழக்கம், பெயரே சொல்கிறது எந்த ஆட்சியில் வாங்கியது என்று!

ரசம்சாதம்

வாத்தியார் ஐயா, கடைசி வரிக்காகவே ஒரு விசில்.

மணல்காற்று

கல்தச்சன், "முன்கூட்டியே தெரியும்" என்றீர்களே, அது என்ன வழி? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். கேட்பதற்குக் காரணம் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

கல்தச்சன்

பல வழிகள் உண்டு, ஒன்றை மட்டும் சொல்கிறேன். குடியுரிமை இல்லாதவன் ரோமின் துணைப்படையில் சேரலாம். 25 வருடம் வேலை. முடித்து நல்லபடியாக வெளியே வந்தால் அவனுக்குக் குடியுரிமை. கிளாடியஸ் காலத்திலிருந்தே இதற்கு வெண்கலத்தில் சான்று கொடுத்தார்கள், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு தகடுகள். ஒரே வாசகத்தை உள்பக்கம் ஒரு முறை, வெளிப்பக்கம் ஒரு முறை வெட்டுவார்கள். இரண்டையும் சேர்த்துக் கம்பியால் கட்டி, ஏழு சாட்சிகள் முத்திரை வைப்பார்கள். வெளியே இருப்பதை யாராவது திருத்திவிட்டான் என்று சந்தேகம் வந்தால் முத்திரையை உடைத்து உள்ளே பார்க்கலாம். மூலப்படி ரோமில் சுவரில் மாட்டியிருக்கும், எந்தச் சுவர் என்பதுகூடத் தகட்டில் இருக்கும். பிரிட்டனிலிருந்து சிரியா வரை நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன.

வேலையில் இருக்கும்வரை சட்டப்படி கல்யாணம் கிடையாது. ஆனால் யாரோடு சேர்ந்து வாழ்ந்தானோ அவளோடு செய்யும் மணம் செல்லும் என்று தகட்டிலேயே எழுதிக் கொடுப்பார்கள், பிறந்த பிள்ளைகளுக்கும் குடியுரிமை. கி.பி. 140 வாக்கில் அந்தப் பிள்ளைகள் சலுகையை வெட்டிவிட்டார்கள். அரசாங்கம் என்றால் அப்படித்தான் போல.

மணல்காற்று

நன்றி. காரணம் இதுதான். நான் வளைகுடாவில் 27 வருடம் இருந்தேன். கட்டட வேலையில் ஸ்டோர் கீப்பர். நான் போனபோது மணலாக இருந்த இடத்தில் இன்று முப்பது மாடி நிற்கிறது, அதற்கு வந்த கம்பி சிமெண்ட் எல்லாம் என் கையெழுத்தில்தான் இறங்கியது. என் மகன் அங்கேயே பிறந்தான், பள்ளி முடித்தான், 18 வயதானதும் அவன் அங்கே தொடர்ந்து இருக்கத் தனியாக வழி தேட வேண்டியிருந்தது. கடைசியில் எனக்கு எக்சிட் அடித்தபோது கணக்குத் தீர்த்த பணமும் ஒரு கைக்கடிகாரமும் கொடுத்தார்கள். ஏமாற்றவில்லை, முதல் நாளே தெரியும் இது நம் ஊர் ஆகாது என்று. அந்த விதத்தில் அவர்களும் நேர்மைதான். ஆனால் 25 வருடம் முடித்தவனுக்கு ஒரு வெண்கலத் தகடு என்று படித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

கருவேலமுள்

மணல்காற்று அண்ணன், உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் அந்தத் தகடு வாங்கியவன் 25 வருடம் ரோமுக்காக அடுத்தவனைக் கொன்றிருப்பான், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

மணல்காற்று

பார்த்தேன் தம்பி. ஆசைப்படவில்லை, கணக்குப் பார்த்தேன்.

சட்டப்பையன்

வழி தெளிவாக இருந்தது, சரி. வழியில் வந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டால்? கி.மு. 62இல் ஒரு வழக்கு. ஆர்க்கியாஸ் என்று ஒரு கிரேக்கக் கவிஞர், சிரியாவின் அந்தியோக்கியாவில் பிறந்தவர். இவர் குடிமகனே அல்ல என்று ஒருவர் வழக்குப் போடுகிறார். வெளியூர்க்காரர்களை நகரத்திலிருந்து களையெடுக்க அதற்கு மூன்று வருடம் முன்னால் வந்த சட்டத்தின்கீழ் அந்த வழக்கு. அதற்கும் முன்னால், இத்தாலி நேசநாடுகள் குடியுரிமை கேட்டுப் போர் தொடுத்து ரோமை வழிக்குக் கொண்டுவந்த கதை இருக்கிறது. காளை ஓநாயைக் குத்துகிற மாதிரி காசு அடித்தார்கள், ஓநாய் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் போரின் முடிவில் வந்த சட்டப்படி, நேசநாடு ஒன்றின் பதிவேட்டில் பெயர் இருந்து, இத்தாலியில் வீடும் இருந்து, 60 நாளுக்குள் ரோமில் அதிகாரியிடம் பதிந்தால் குடியுரிமை. ஆர்க்கியாஸ் ஹெராக்லியா என்ற ஊரில் பெயர் எழுதியிருந்தார்.

ஹெராக்லியாவின் ஆவணக் காப்பகம் அந்தப் போரிலேயே எரிந்து சாம்பலாகிவிட்டது! எதிர்த்தரப்பு பதிவேட்டைக் காட்டு என்கிறது. சென்சஸில் பெயர் இல்லையே என்கிறது. அவருக்காக வாதாடியவர் சிசரோ. எரிந்துபோனது ஊருக்கே தெரியும், அந்த ஊர்க்காரர்கள் நேரில் வந்து சாட்சி சொல்ல நிற்கிறார்கள், உயிருள்ள மனிதனின் வாக்கை விட்டுவிட்டு இல்லாத காகிதத்தைக் கேட்கிறீர்களே என்பது அவர் வாதம். சென்சஸ் எடுத்தபோது ஆர்க்கியாஸ் ரோமத் தளபதியோடு வெளிநாட்டில் இருந்தார், எப்படிப் பெயர் வரும்?

வெள்ளத்தில் ரேஷன் கார்டு போனவர்களுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. இரண்டாயிரம் வருடத்தில் கேட்கிற கேள்வி மாறவில்லை.

ரசம்சாதம்

சீரியஸாகப் போகிறது, என் பங்குக்கு இரண்டு. ஜூவெனல் என்ற கவிஞரின் மூன்றாவது அங்கதப் பாட்டில் ஒருவர் ரோமை விட்டுக் கிளம்புகிறார். ஊர் பூராவும் கிரேக்கனாகிவிட்டது, சிரியாவின் ஆறே வந்து நம் டைபரில் கலந்துவிட்டது, அவர்கள் மொழியும் மேளமும் தாங்கவில்லை, நாம் பிறந்த ஊரில் நமக்கு இடமில்லை என்று ஒரே புலம்பல். நம் டீக்கடை பெஞ்சில் அப்படியே உட்காரவைக்கலாம். அவர் எங்கே போகிறார் தெரியுமா? கூமே. அது கிரேக்கர்கள் வந்து குடியேறி உண்டாக்கிய ஊர்.

இரண்டாவது. பஞ்சம் வந்தால் ரோமில் முதலில் வெளியூர்க்காரனை விரட்டுவார்கள். கி.பி. 6இல் அகஸ்டஸ் விரட்டியபோது வைத்தியர்களையும் ஆசிரியர்களையும் மட்டும் இருக்க விட்டார். நாலாம் நூற்றாண்டில் இன்னொரு முறை விரட்டினார்கள், அந்தத் தடவை படித்தவர்களை மூச்சுவிட நேரம் கொடுக்காமல் துரத்திவிட்டு, மூவாயிரம் நடனப் பெண்களை அவர்களுடைய குழுவோடும் வாத்தியார்களோடும் ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள். சொன்னது கல்தச்சனின் அதே அம்மியானஸ். மனுஷன் எரிச்சலாக எழுதியிருப்பதைப் பார்த்தால் துரத்தப்பட்டவர்களில் அவரும் ஒருவரோ என்று சந்தேகம்.

கருவேலமுள்

சரி, நேரடியாகக் கேட்கிறேன். 212இல் பேரரசர் கராகல்லா ரோமப் பேரரசில் இருந்த சுதந்திர மனிதர்கள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்தார். நீங்கள் சொல்கிற கதவு முழுசாகத் திறந்தது. அதற்கப்புறம் அந்தக் குடியுரிமைக்கு என்ன மதிப்பு? எல்லோரிடமும் இருப்பது யாருக்குமே இல்லாத மாதிரிதானே?

வடகரை வாத்தியார்

நல்ல கேள்வி, இந்த இழையில் நீங்கள் கேட்டதிலேயே நல்லது. கராகல்லா கொடுத்தது வரிக்காக என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ பட்டவர்த்தனமாக எழுதுகிறார். வாரிசுச் சொத்து வரி குடிமக்களுக்கு மட்டும்தான். அதை 5 சதவீதத்திலிருந்து 10 ஆக்கிவிட்டு, எல்லோரையும் குடிமக்களாக்கிவிட்டார். எகிப்தின் பப்பைரஸ் ஏடுகளில் அதற்குப் பின் யாரைப் பார்த்தாலும் பெயருக்கு முன்னால் அவுரேலியஸ், அது கராகல்லாவின் குடும்பப் பெயர்.

மதிப்பு போனதற்குக் காரணம் அது அல்ல. அதற்கு முன்பிருந்தே நீதிமன்றங்களில் இன்னொரு கோடு விழ ஆரம்பித்திருந்தது, மேன்மக்கள், கீழ்மக்கள் என்று. ஒரே குற்றத்துக்கு மேன்மகன் நாடு கடத்தப்படுவான், கீழ்மகன் சுரங்கத்துக்கோ மிருகங்களின் வாய்க்கோ போவான். பவுல் நான் ரோமன் என்ற ஒரு வார்த்தையில் சவுக்கை நிறுத்தினார். மூன்றாம் நூற்றாண்டில் ஓர் ஏழை அவுரேலியஸ் அதைச் சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே அடித்திருப்பார்கள். உள்ளே வெளியே என்ற கோட்டை அழித்துவிட்டு மேலே கீழே என்று போட்டுக்கொண்டார்கள். நமக்குப் பழக்கமான கோடு, நான் விளக்க வேண்டியதில்லை.

குதிரைவாலி

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். அவர்கள் நம்மூருக்கு வந்தபோது நாம் எப்படி நடத்தினோம்? யவனர்கள்?

வடகரை வாத்தியார்

தனி இழைக்கான விஷயம். சுருக்கமாக: முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கிற முரட்டு ஆட்கள் யவனர். பதிற்றுப்பத்தில் இமயவரம்பன், யவனரின் கையைப் பின்கட்டாகக் கட்டித் தலையில் நெய்யை ஊற்றி இழுத்துவருகிறான். இரண்டும் நாம்தான்.

கல்தச்சன்

கருவேலமுள் கேட்டதற்கு நானும் ஒன்று சேர்க்கிறேன். ரோம் நகரம் 410 ஆகஸ்ட் 24இல் கோத்துத் தலைவன் அலாரிக்கிடம் விழுந்ததே, அதற்கு இரண்டு வருடம் முன்னால் என்ன நடந்தது? மேற்கு ரோமின் பெருந்தளபதி ஸ்டிலிக்கோ, அப்பா வாண்டல் என்ற ஜெர்மானிய இனத்தவர், மனைவி அரச குடும்பம். ஆயுசு முழுக்க ரோமுக்காகச் சண்டை போட்டவர். அரண்மனைச் சதியில் 408இல் அவர் தலையை வெட்டினார்கள். கையோடு இத்தாலி நகரங்களில் ரோமப் படையில் இருந்த அந்நிய வீரர்களின் மனைவி பிள்ளைகளைப் பிடித்துக் கொன்றார்கள். அந்த வீரர்கள், 30,000 பேர் என்கிறார் வரலாற்றாசிரியர் சோசிமஸ், நேராக அலாரிக்கிடம் போய்ச் சேர்ந்தார்கள். அப்போதைய பேரரசர் ஹொனோரியஸ் ஆட்சியில்தான் ரோம் நகருக்குள் கால்சட்டை போடக் கூடாது என்று சட்டமும் வந்தது, அது காட்டுமிராண்டி உடையாம்.

குடும்பத்தைக் கொன்றுவிட்டு, அவன் ஏன் விசுவாசமாக இல்லை என்று கேட்கிறோம்.

கருவேலமுள்

408 கதை எனக்குத் தெரியாது. படிக்கிறேன். கரையில் நிறுத்தியிருக்க வேண்டும் என்பதை இப்போதும் விடவில்லை, ஆனால் உள்ளே வந்தபின் நடந்ததற்கு வந்தவன் மேல் பழிபோட முடியாது என்பது வரை வருகிறேன்.

பனையோலை

எல்லாம் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தேன். நான் இருப்பது நியூகாசிலில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 19 வருடமாகிறது. இங்கே டைன் ஆறு கடலில் விழுகிற சவுத் ஷீல்ட்ஸில் ஒரு ரோமன் கோட்டை இருக்கு. மகளின் பள்ளிக்கூடப் பயணத்துக்குத் துணையாகப் போனபோது ஒரு கல்லறைக் கல்லைப் பார்த்தேன். ரெஜினா என்ற பெண்ணுடையது, வயது 30. பிரம்பு நாற்காலியில் இருக்கிறாள், மடியில் நூல் நூற்கும் கதிர், ஒரு பக்கம் நூலுண்டைக் கூடை, மற்றப் பக்கம் நகைப்பெட்டி. முகம் உடைஞ்சுபோச்சு. கல் வைத்தவர் அவளின் கணவர் பரத்தே, சிரியாவின் பல்மைராக்காரர். அவளை அடிமையாக வைத்திருந்து, விடுதலை செய்து, கல்யாணம் கட்டியிருக்கிறார்.

விளக்கப் பலகையை வாசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. ரெஜினா காட்டுவெல்லானி குலம், லண்டனுக்கு வடக்கே, இந்த நாட்டுப் பிள்ளை. அடிமையாக இருந்தது அவள். பாலைவனத்திலிருந்து வந்தவர்தான் எசமான். வந்தேறி ஆர், மண்ணின் மைந்தர் ஆர் என்று அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று சொல்லச் சொன்னால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வடகரை வாத்தியார்

அம்மா, அந்தக் கல்லில் இரண்டு மொழி உண்டு என்று படித்திருக்கிறேன். நேரில் பார்த்தவர் நீங்கள், எப்படி இருக்கிறது?

பனையோலை

ஓம் ஐயா. மேலே லத்தீன், நீளமாக, அவளின் குலம் வயது எல்லாம். அதில் இலக்கணப் பிழை இருக்காம். நான் இங்கே முதல் வருடம் வேலைக்கு எழுதின விண்ணப்பங்கள் ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. அதுக்குக் கீழே ஒரே ஒரு வரி அவருடைய சொந்த மொழி, பல்மைரா அரமேயம். அது மட்டும் கை பழகின மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இந்த ஊரில் அதை வாசிக்க எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வகுப்பு டீச்சர் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சொன்னதை மகள் என் காதில் தமிழில் சொன்னாள்: ரெஜினா, பரத்தே விடுதலை செய்தவள், ஐயோ.